டி25.9: கருப்பைக் கட்டிகளும் குறியீட்டு எண்களும்

“கருப்பை சற்றே பெரிதாக உள்ளது. பின்சுவரில் 46 × 41 மி.மீ. அளவுள்ள ஃபைப்ராய்டு, எண்டோமெட்ரியத்தை அழுத்துகிறது. வலது சினைப்பையில் 32 மி.மீ. நீர்க்கட்டி.” மாதவிடாய்த் தொந்தரவோடு போகும் பெண்ணின் கையில் ஸ்கேன் சென்டர் அச்சிட்டுக் கொடுக்கும் அறிக்கை ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். இதே வாசகம் ஓர் அமெரிக்க மருத்துவமனையின் பதிவில் இருந்தால், அது அடுத்து நம்மூருக்கு வந்து சேரவும் வாய்ப்புண்டு. சென்னையிலோ கோவையிலோ திருச்சியிலோ ஒரு மெடிக்கல் கோடிங் நிறுவனத்தில், மைக்ரோபயாலஜியோ நர்சிங்கோ படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த ஒருவர் அந்தச் சார்ட்டைத் திறப்பார். சில நிமிடங்களில் அந்த வாசகத்தை எண்ணாக மாற்ற வேண்டும்.

நீர்க்கட்டிக்கு என்83.201 என்று போட்டுவிடலாம்: வகை சொல்லப்படாத சினைப்பை நீர்க்கட்டி, வலப்பக்கம். ஃபைப்ராய்டில்தான் கை நிற்கும். எண்டோமெட்ரியத்தை அழுத்துகிறது என்றால் உட்சவ்வுக்குக் கீழுள்ள சப்மியூகஸ் கட்டியாகத்தானே இருக்கும், டி25.0 போடலாமே என்று தோன்றும். ஆனால் டாக்டர் அந்தச் சொல்லை எழுதவில்லை. எழுதாததைக் கோடர் ஊகிக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். தசைக்குள் இருக்கும் பெரிய கட்டியும் உட்சவ்வை அழுத்தும் என்பதால் இந்த விதியில் நியாயமும் இருக்கிறது. ஆகவே டி25.9, அதாவது ‘கருப்பை லியோமயோமா (ஃபைப்ராய்டின் மருத்துவப் பெயர்), இடம் குறிப்பிடப்படவில்லை’. ஆடிட்டர் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. 46 மி.மீ. என்ற அளவு, பின்சுவர் என்ற இடம், அழுத்தம் என்ற செய்தி மூன்றும் அந்த எண்ணுக்குள் ஏறாமல் வெளியே நின்றுவிடுகின்றன.

பெண்களின் புற்றல்லாத கட்டிகளுக்கான குறியீடுகளை மொத்தமாக எடுத்துப் பார்த்தால், கட்டி என்ன இனம், எந்த உறுப்பில், எந்தப் பக்கம் என்று கேட்பதில் அவை கெட்டிக்காரத்தனமானவை. அந்தக் கட்டியால் ஒரு பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்பது அந்த எண்ணில் இருக்காது. அதற்கு வேறு எண் தேட வேண்டும். அந்த வேறு எண்ணும் பட்டியலில் இல்லாமல் போகவில்லை. அதைச் சேர்த்து எழுதும்படி கேட்பவர்கள்தான் குறைவு.

இந்த எண்கள் பிறந்தது நோய்க்கணக்கில் அல்ல, சாவுக்கணக்கில். பாரிஸ் நகரின் புள்ளியியல் அலுவலகத்தில் இருந்த ஜாக் பெர்ட்டியோன், 1893-ல் சிகாகோவில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் கழகத்தின் முன் மரணக் காரணங்களுக்கு ஒரு பொதுப்பட்டியலை வைத்தார். இன்று ஐசிடி எனப்படும் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் மூதாதை அதுதான். 1909-ல் திருத்தப்பட்ட இரண்டாம் பட்டியலில் 128-ஆம் எண் பிரசவம் சாராத கருப்பை இரத்தப்போக்கு. 129 புற்றல்லாத கருப்பைக் கட்டி. 130 கருப்பையின் பிற நோய்கள். 131 சினைப்பை நீர்க்கட்டிகளும் பிற கட்டிகளும். இரத்தப்போக்கும் கட்டியும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தன. இரத்தம் போயே பெண்கள் செத்த காலம் என்பதால் அந்த அண்மை இயல்பாக இருந்தது. பிறகு வந்த திருத்தங்களில் கட்டி, கட்டிகளுக்கான அத்தியாயத்துக்குக் குடிபெயர்ந்தது. இரத்தப்போக்கு சிறுநீரக, இனப்பெருக்க உறுப்புகளின் அத்தியாயத்திலேயே தங்கிவிட்டது. பிரித்ததற்கு அறிவியல் காரணம் உண்டு. திசு வளர்ச்சிகளை எல்லாம் ஒரே இடத்தில் வைத்தால்தான் நோய்க்குறியியல் ஒழுங்காக இருக்கும். அந்த ஒழுங்கின் விலை என்ன என்பது பின்னால் தெரியவரும்.

1948-ல் ஆறாம் திருத்தத்தை உலக சுகாதார நிறுவனம் ஏற்று நடத்தியபோது, இறந்தவர்களோடு நோயுற்றவர்களையும் எண்ணும் பட்டியலாக அது விரிந்தது. ஒன்பதாம் திருத்தத்தில் ஃபைப்ராய்டுக்கு 218. பத்தாம் திருத்தம் 1990-ல் ஏற்கப்பட்டு 1994 முதல் நாடுகளில் புழக்கத்துக்கு வந்தது. எழுத்தும் எண்ணும் கலந்த இன்றைய வடிவம் அதிலிருந்துதான். அமெரிக்கா தன் மருத்துவமனைகளுக்கென்று அதை மேலும் பிளந்து ஐசிடி-10-சிஎம் என்ற பதிப்பைச் செய்துகொண்டது. 2015 அக்டோபர் 1 அன்றுதான் அது அங்கே நடைமுறைக்கு வந்தது. நம்மூர்க் கோடர்கள் 218-ஐ மறந்து டி25-ஐ மனப்பாடம் செய்ததும் அதை ஒட்டித்தான்.

பத்தாம் திருத்தத்தில் டி10 முதல் டி36 வரை புற்றல்லாத கட்டிகள். அவற்றில் டி25 கருப்பை ஃபைப்ராய்டு, டி26 கருப்பையின் பிற நல்வகைக் கட்டிகள், டி27 சினைப்பை, டி28 மற்ற பெண்ணுறுப்புகள். இதோடு முடிந்தால் நல்லது. ஆனால் பேச்சில் நாம் கட்டி என்று சொல்லும் பலவும் இந்த டி வரிசைக்குள் வருவதே இல்லை.

சினைப்பை நீர்க்கட்டியையே எடுத்துக்கொள்வோம். முட்டை வெளிவர வேண்டிய பை வெடிக்காமல் நீர் கோத்து, ஓரிரு மாதங்களில் தானாக வடிந்துபோகும் ஃபாலிக்குலர் சிஸ்ட் என்83.0. முட்டை வெளியேறிய பிறகு உருவாகும் கார்பஸ் லூட்டியம் சிஸ்ட் என்83.1. வகை சொல்லாததும் மற்றவையும் என்83.2. எண்டோமெட்ரியோசிஸால் பழைய இரத்தம் தேங்கி, டாக்டர்களே சாக்லேட் சிஸ்ட் என்று சொல்வது என்80.1. முடியும் கொழுப்பும் சில நேரம் பல்லும் உள்ளே வைத்திருக்கும் டெர்மாய்டு டி27, ஏனென்றால் அது உண்மையான திசு வளர்ச்சி. புற்றா இல்லையா என்ற எல்லைக்கோட்டில் நிற்கும் சினைப்பைக் கட்டி டி39.1. பிசிஓஎஸ் என்றால் இந்த அத்தியாயங்களிலேயே இல்லை, நாளமில்லாச் சுரப்பிகளின் பகுதியில் இ28.2 ஆகப் போய் உட்கார்ந்திருக்கிறது. ஸ்கேனில் இவற்றில் சில ஒன்றுபோலவே தெரியலாம். அறிக்கையில் ‘சினைப்பை நீர்க்கட்டி’ என்று மட்டும் இருந்தால், மூன்று அத்தியாயங்களில் எதற்கும் உரிய ஒரு பெண் என்83.2 என்ற பொதுக் குவியலில் விழுந்துவிடுவாள்.

அமெரிக்கப் பதிப்பு 2016 அக்டோபரில் என்83-க்கு வலம், இடம் என்று பக்கம் சேர்த்தது. டி27-க்கு ஏற்கெனவே அது இருந்தது: டி27.0 வலச் சினைப்பை, டி27.1 இடச் சினைப்பை. உலக சுகாதார நிறுவனத்தின் மூலப் பதிப்பில் டி27 பிரிவேயில்லாத ஒற்றை எண். பக்கம் எதற்கு என்றால், பணம் கொடுப்பவருக்கு அது வேண்டும். போன வருடம் வலச் சினைப்பையை எடுத்தவருக்கு இந்த வருடம் அதே பக்கத்தில் கட்டி என்று பில் வந்தால் கணினி பிடித்துவிடும். அளவைச் சேர்க்கும் அவசரம் யாருக்கும் வரவில்லை. 3 செ.மீ. நீர்க்கட்டிக்கும் 12 செ.மீ. நீர்க்கட்டிக்கும் இன்னும் ஒரே எண்தான், பார்த்துக்கொண்டு இருக்கலாமா அறுக்க வேண்டுமா என்பதில் அளவுக்குப் பெரிய பங்கு இருந்தும்.

புதிதாக வேலைக்கு வந்த கோடர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: டி39. டாக்டர் ‘புற்றாக இருக்கலாமோ, பார்க்க வேண்டும்’ என்று எழுதியிருந்தால், நிச்சயமில்லை என்றுதானே பொருள், ‘நடத்தை நிச்சயமற்ற கட்டி’ என்ற டி39-ஐப் போடலாம் என்று தோன்றும். அது தவறு. அந்த நிச்சயமின்மை டாக்டரின் சந்தேகத்தைக் குறிக்கவில்லை. நோய்க்குறியியல் மருத்துவர் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது நல்லதா கெட்டதா என்று இந்தத் திசுவை வைத்தே சொல்ல முடியாது என்று கையெழுத்திடும்போது மட்டும் அந்த எண் பொருந்தும். கருப்பை மென்தசைக் கட்டிகளில் அப்படி ஒரு வகை உண்மையிலேயே உண்டு. புற்றுநோய்ப் பதிவேடுகள் பயன்படுத்தும் ஐசிடி-ஓ குறியீட்டில் சாதாரண ஃபைப்ராய்டு 8890/0, இரண்டும்கெட்டான் வகை 8897/1, லியோமயோசார்கோமா என்னும் புற்று 8890/3. சாய்கோட்டுக்குப் பின்னால் நிற்கும் அந்த ஒற்றை எண்தான் அந்தத் திசுவின் குணத்தைச் சொல்வது. இடுப்புக்குள் ஏதோ ‘மாஸ்’ இருக்கிறது என்று மட்டும் எழுதியிருந்தால் அதைக் கட்டி என்றே எடுக்கக் கூடாது, ஆர்19.0 என்று அறிகுறிகளின் அத்தியாயத்தில் வைக்க வேண்டும்.

அமெரிக்க விதிப்படி வெளிநோயாளிக்குச் சந்தேகத்தைக் குறியீடாக்கக் கூடாது. அறிகுறியைத்தான் எழுத வேண்டும். மருத்துவமனையில் படுத்து வெளியேறிய நோயாளிக்கோ, வெளியேறும்போதும் ‘இருக்கலாம்’ என்றே டாக்டர் எழுதியிருந்தால், அந்த நோய் இருப்பதாகவே குறியீடு போடலாம். ஒரே சந்தேகம் ஓரிடத்தில் நோயாகவும் மற்றோரிடத்தில் நோயில்லாமலும் பதிவாகிறது. இரண்டையும் கூட்டி யாராவது ஆய்வுக்கட்டுரை எழுதினால் என்ன கணக்கு வரும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இந்த முறையின் மறதிக்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சாட்சி அடினோமயோசிஸ். கருப்பையின் உட்சவ்வுத் திசு தசைக்குள் புகுந்து வளர்வது அது. கருப்பை வீங்கும், வலிக்கும், உதிரம் கொட்டும். ஸ்கேனில் ஃபைப்ராய்டு என்று அதைத் தவறாக எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும். சிகிச்சையோ வேறு. ஃபைப்ராய்டைத் தனியே கழற்றி எடுக்கலாம், அடினோமயோசிஸுக்கு அப்படித் தெளிவான விளிம்பு கிடையாது. இவ்வளவு வேறான நோய்க்கு ஒன்பதாம் திருத்தத்திலும் பத்தாம் திருத்தத்திலும் சொந்த எண் இல்லை. ‘கருப்பை எண்டோமெட்ரியோசிஸ்’ என்ற தலைப்புக்குள், என்80.0-இல், அது ஒண்டிக்கொண்டிருந்தது. அந்த எண்ணை நம்பி அடினோமயோசிஸ் எத்தனை பேருக்கு என்று எண்ணியவர்கள், வேறு சிலவற்றையும் சேர்த்தே எண்ணினார்கள். 2022 அக்டோபர் 1 அன்று அமெரிக்கப் பதிப்பு என்80-ஐ முழுவதுமாக உடைத்து விரித்தபோதுதான் என்80.03 என்று அதற்கு ஒரு இடம் கிடைத்தது. பதினோராம் திருத்தம் எண்டோமெட்ரியோசிஸுக்கு ஜிஏ10, அடினோமயோசிஸுக்கு ஜிஏ11 என்று பிரித்தே வைத்துவிட்டது. இந்தியாவில் காப்பீட்டுப் படிவங்களில் ஓடிக்கொண்டிருப்பது பத்தாம் திருத்தம் என்பதால் இங்கே பழைய ஒண்டுக்குடித்தனம் தொடர்கிறது.

ஃபைப்ராய்டுக்குத் திரும்புவோம். டி25-க்கு உள்ள பிரிவுகள் நான்கு: .0 உட்சவ்வுக்குக் கீழ், .1 தசைக்குள், .2 வெளிப்போர்வைக்குக் கீழ், .9 சொல்லப்படவில்லை. அறுவை செய்கிறவருக்கு இது போதாது என்று மகப்பேறு மருத்துவர்களே உணர்ந்ததால்தான், பன்னாட்டு மகளிர் மருத்துவக் கூட்டமைப்பான ஃபிகோ 2011-ல் தனி வகைப்பாட்டைக் கொண்டுவந்தது. அதில் கட்டிகளுக்கு 0 முதல் 8 வரை எண். கருப்பை அறைக்குள் காம்பில் தொங்குவது 0. பாதிக்கும் குறைவாகத் தசைக்குள் இருப்பது 1, பாதியோ அதற்கு மேலோ தசைக்குள் இருப்பது 2. முழுக்கத் தசைக்குள் இருந்து உட்சவ்வைத் தொடுவது 3, தொடாதது 4. வெளிப்பக்கம் புடைத்திருப்பவை 5, 6, காம்பில் வெளியே தொங்குவது 7. கருப்பைவாய் போன்ற பிற இடங்களில் இருப்பவை 8. உள்ளேயும் வெளியேயும் முட்டும் பெரிய கட்டிக்கு 2-5 என்று இரண்டு எண்ணையும் சேர்த்தே எழுதலாம்.

0, 1, 2 மூன்றும் டி25.0-க்குள் போய்விடுகின்றன. 0 வகைக் கட்டியை ஹிஸ்டெரோஸ்கோப் வழியாக, வயிற்றில் ஒரு கீறலும் இல்லாமல் எடுத்துவிட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பலாம். 2 வகையில் கட்டியின் பெரும்பகுதி தசைக்குள் புதைந்திருக்கும். ஒரே தடவையில் முடியாமலும் போகலாம். இரண்டு பெண்களின் முன்னாலும் இருக்கும் வழிகள் வேறு, குறியீடு ஒன்று.

இதைவிட வியப்பூட்டுவது அமெரிக்காவின் சிகிச்சைக் குறியீடான சிபிடி. வயிற்றைத் திறந்து கட்டியை மட்டும் எடுக்கும் மயோமெக்டமிக்கு, தசைக்குள் இருக்கும் கட்டி ஒன்று முதல் நான்கு வரை, மொத்த எடை 250 கிராமுக்குள் என்றால் 58140. ஐந்தோ அதற்கு மேலோ, அல்லது 250 கிராமைத் தாண்டினால் 58146. லேப்ராஸ்கோப் வழியாகக் கருப்பையை முழுவதும் எடுத்தால், கருப்பையின் எடை 250 கிராமுக்குள் 58570, மேலே போனால் 58572. எடைக்கும் எண்ணிக்கைக்கும் இங்கே தராசு இருக்கிறது. டாக்டரின் உழைப்புக்குக் கூலி அதை வைத்துத்தான். நோய்க் குறியீட்டில் அந்தத் தராசு இல்லை. 300 கிராம் கட்டியை எடுத்த டாக்டரின் சிரமம் பில்லில் துல்லியமாக ஏறும். அதை ஆண்டுக்கணக்கில் சுமந்தவளின் சிரமம் டி25.1 என்று போகும்.

அவள் சிரமம் என்பது பெரும்பாலும் உதிரப்போக்கு. ஒழுங்கான சுழற்சியில் அளவுக்கு மீறிப் போனால் என்92.0. அதனால் இரும்புச்சத்து வற்றிச் சோகை வந்தால் டி50.0: நாள்பட்ட இரத்த இழப்பால் வந்த இரும்புச்சத்துக் குறைவு. ஃபைப்ராய்டு உள்ள எல்லோருக்கும் உதிரம் மிகுதியாகப் போவதில்லை. ஆகவே டி25 என்று எழுதினால் உதிரப்போக்கு தானாக அதில் அடங்காது. நல்ல கோடர் மூன்றையும் எழுதுவார். இந்த மூன்று எண்ணும் ஒரே தாளில் ஒன்றின்கீழ் ஒன்றாக நின்றால், 1909-ல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவை மறுபடி சேர்ந்துகொள்கின்றன. ஃபிகோவின் பாம்-கோயின் முறை செய்ய முயல்வதும் இதைத்தான். உதிரப்போக்கை மையத்தில் வைத்து, பாலிப், அடினோமயோசிஸ், லியோமயோமா, புற்றும் ஹைப்பர்பிளேசியாவும் என்ற நான்கு உறுப்புக் காரணங்களையும், இரத்த உறைவுக் குறை, முட்டை வெளிவராமை, எண்டோமெட்ரியக் கோளாறு, மருந்தாலும் கருவியாலும் வருவது, இன்னும் வகைப்படாதது என்ற ஐந்தையும் வரிசையாகக் கேட்கிறது. ஒரே பெண்ணுக்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு இரண்டையும் பதிகிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டியும் மில்லிலிட்டர் கணக்குக்குள் போகாமல், உதிரப்போக்கு அவள் அன்றாட வாழ்வைக் கெடுக்கிறதா என்பதையே அளவாக வைத்தது.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்குச் சோகை என்று ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. இதில் உணவுக் குறைவு எவ்வளவு, மாதந்தோறும் கொட்டிப்போவது எவ்வளவு? சோகையும் உதிரப்போக்கும் கட்டியும் ஒரே பதிவில் ஏறியிருந்தால் ஓரளவாவது பதில் கிடைத்திருக்கும். இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் பதிவேடு ஒரு பக்கம், ஸ்கேன் கோப்பு இன்னொரு பக்கம் என்று கிடக்கிறது.

மருத்துவமனைக் குறியீடுகளைக் கூட்டினால் நோயின் பரவல் தெரியும் என்பதும் பாதி உண்மைதான். வாஷிங்டன் வட்டாரத்தில் ஒரு நகர்ப்புற மருத்துவத் திட்டத்தில் இருந்த பெண்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து ஸ்கேன் செய்த ஆய்வு 2003-ல் வெளியானது. 50 வயதுக்குள் வெள்ளையினப் பெண்களில் கிட்டத்தட்ட 70 விழுக்காட்டினருக்கும் கறுப்பினப் பெண்களில் 80 விழுக்காட்டுக்கு மேலானவர்களுக்கும் ஃபைப்ராய்டு வந்துவிடுகிறது என்று அது மதிப்பிட்டது. மாதவிடாய் நிற்காதவர்களில், இதற்கு முன் எந்த டாக்டரும் கட்டி இருக்கிறது என்று சொல்லாதவர்களையும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள்; அவர்களில் 51 விழுக்காட்டினருக்குக் கட்டி இருந்தது. இவர்களுக்கு டி25 என்ற எண்ணே கிடையாது. இவர்களில் தொந்தரவே இல்லாதவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால் எல்லோரையும் தேடிப் பிடித்து எண் ஒட்டுவதும் வேண்டாத வேலை. குறியீடு எண்ணுவது கட்டியை அல்ல, டாக்டரிடம் போனவர்களை என்ற நினைப்போடு புள்ளிவிவரங்களைப் படித்தால் போதும்.

இதன் மறுபக்கம், அதாவது ஃபைப்ராய்டு என்று எண் விழுந்தது வேறொன்றாக இருப்பது, 2014-ல் வெளிப்பட்டது. லேப்ராஸ்கோப் அறுவையில் பெரிய ஃபைப்ராய்டைச் சின்ன ஓட்டை வழியாக வெளியே எடுக்க, மார்செலேட்டர் என்ற சுழலும் கத்தியால் வயிற்றுக்குள்ளேயே பொடித்து எடுப்பார்கள். ஃபைப்ராய்டு என்று நினைத்துப் பொடித்தது புற்றாக இருந்தால் அது வயிறு முழுவதும் சிதறும். தன் உடலில் அது நடந்துவிட்ட எமி ரீட் என்ற அமெரிக்க மயக்க மருத்துவரும் அறுவை மருத்துவரான அவர் கணவரும் நடத்திய போராட்டத்தின் பிறகு, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014 ஏப்ரலில் எச்சரிக்கை விடுத்தது. ஃபைப்ராய்டுக்காக அறுவை செய்துகொள்ளும் 350 பெண்களில் ஒருவருக்கு எதிர்பாராத சார்கோமா இருக்கலாம் என்பது அப்போது அது தந்த மதிப்பீடு. இந்த விகிதம் மிகை என்று பலர் வாதிட்டார்கள். எமி ரீட் 2017-ல் காலமானார்.

குறியீட்டின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. அறுவைக்கு முன் அந்தப் பெண்ணின் தாளில் இருப்பது டி25. பயாப்சி வந்த பிறகு அது சி54 அல்லது சி55. பில் அனுப்பும்போது எந்த முடிவு கையில் இருந்ததோ அந்த எண் போகும். இறுதி எண் மட்டும் நின்றால், புற்று என்றே தெரிந்து அறுத்ததாகக் கணக்கு சொல்லும். முதல் எண் மட்டும் நின்றால் புற்றே இல்லை என்று சொல்லும். ஃபைப்ராய்டு என்று நம்பி அறுத்ததில் எத்தனை புற்றாயிற்று என்ற கேள்விக்கு இரண்டு எண்ணும் வேண்டும், எது முதலில் வந்தது என்பதும் வேண்டும். 350-ல் ஒன்று என்ற மதிப்பீடும் வெளிவந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் போட்ட கணக்கு. பில்லுக்கு எழுதிய எண்களிலிருந்து எளிதாக உருவிவிடக் கூடியதாக அது இல்லை.

இந்தியாவில் கதை வேறு மாதிரி. இங்கே புறநோயாளிப் பதிவில் பெரும்பாலும் எந்த எண்ணும் விழுவதில்லை. தனியார் காப்பீடு என்றால், மருத்துவமனை நிரப்பித் தரும் கிளெய்ம் படிவத்தின் இரண்டாம் பகுதியில் ஐசிடி-10 எண் கேட்டு ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தை நிரப்புகிறவர் பல இடங்களில் கோடிங் படித்தவர் அல்லர், இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருப்பவர். கூகுளில் தேடி முதலில் வருவதை எழுதினாலும் எதிர்முனையில் அதைத் திருப்பி அனுப்புவது அரிது. ஆனால் வகை முக்கியம். 2020-ல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியின் 24 மாதக் காத்திருப்புப் பட்டியலில், கருப்பை அகற்றமும் இருக்கிறது, ‘உள்ளும் புறமும் உள்ள எல்லாவித நல்வகைக் கட்டிகள், நீர்க்கட்டிகள், பாலிப்புகள்’ என்பதும் இருக்கிறது. பாலிசி எடுத்துப் பதினெட்டாம் மாதத்தில் ஃபைப்ராய்டு என்று படுத்தால் பணம் வராது. இங்கே அந்தக் குறியீட்டுக்கு இருக்கிற வேலை, கதவைத் திறப்பதா சாத்துவதா என்று சொல்வது மட்டும்தான்.

அரசுக் காப்பீடுகளில் நோயைவிடச் சிகிச்சையின் பெயருக்கே எடை அதிகம். ‘பேக்கேஜ்’ என்று அதைச் சொல்வார்கள். கருப்பை அகற்றம் ஒரு பேக்கேஜ், அதற்கு ஒரு தொகை. ஏன் அகற்றினார்கள் என்பது இணைப்புத் தாள்களில் ஒன்றாகச் சுருங்கிவிடும். இதன் விளைவை நாடு பார்த்தது. பிகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாமல் கருப்பையை எடுக்கிறார்கள், காப்பீட்டுப் பணத்துக்காகவும் எடுக்கிறார்கள் என்று மருத்துவர் நரேந்திர குப்தா 2013-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். 2023 ஏப்ரல் 5-ல் தீர்ப்பு வந்தது. தேவையற்ற கருப்பை அகற்றத்தைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ல் வகுத்த வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்றது நீதிமன்றம். மாவட்டம், மாநிலம், நாடு என்று மூன்று அடுக்கில் கண்காணிப்புக் குழுக்கள், 40 வயதுக்குட்பட்டவர்களின் அறுவைகள் மேல் கூடுதல் கவனம் என்று அந்த நெறிகள் பேசுகின்றன.

கண்காணிக்கிற குழுவின் மேசைக்கு என்ன வரும் என்பதுதான் கேள்வி. ‘36 வயது, கருப்பை அகற்றம், டி25.9’ என்று ஒரு வரி வந்தால் அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. கட்டி உண்மையாகவே இருந்திருக்கலாம், 2 செ.மீ. கட்டியாக, ஒரு தொந்தரவும் தராததாக இருந்திருக்கலாம். பொய் எழுதாமலேயே தேவையற்ற அறுவையை மறைக்க இந்த எண் இடம் கொடுக்கிறது. அதே வரியில் ஃபிகோ எண்ணும் அளவும், என்92.0 உண்டா, டி50.0 உண்டா, ஹீமோகுளோபின் எத்தனை, மாத்திரையோ ஹார்மோன் ஐயுடியோ முயன்று பார்த்தார்களா என்பதும் இருந்தால், குழுவில் உட்காரும் ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவர் ஐந்து நிமிடத்தில் நியாயத்தைச் சொல்லிவிடுவார்.

இன்றைக்கு இந்தக் காரணங்களைப் பற்றி நாடு முழுவதற்குமாக நமக்குத் தெரிவது வீடு வீடாகப் போய்ப் பெண்களிடமே கேட்ட கேள்விகளால்தான். 2015-16-இல் நடந்த நான்காவது தேசிய குடும்பநல ஆய்வு 15 முதல் 49 வயதுப் பெண்களில் 3.2 விழுக்காட்டினர் கருப்பையை எடுத்துவிட்டதாகக் கண்டது. ஆந்திரத்தில் அது 8.9, தெலங்கானாவில் 7.7. மூன்றில் இரண்டு பங்கு அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. ஏன் எடுத்தீர்கள் என்ற கேள்விக்குப் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொன்னது அதிக உதிரப்போக்கு அல்லது வலி. ஃபைப்ராய்டு, நீர்க்கட்டி என்று சொன்னவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். பெண்கள் தங்கள் நிலையை அறிகுறியால் சொல்கிறார்கள், மருத்துவமனை கட்டியால் சொல்கிறது. இதில் யார் சொல்வது சரி என்று பார்க்க இரண்டு பட்டியலையும் பொருத்திப் பார்க்கும் வழி இப்போது இல்லை.

பதினோராம் திருத்தம் வந்தால் தீர்ந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். 2019-ல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்துவிட்ட அதில், கருப்பை ஃபைப்ராய்டுக்கு 2இ86.0. அடிப்படை எண்ணோடு பக்கம், திசு வகை, பிற நோய்கள் என்று கொக்கி போட்டுக் கோத்துக்கொண்டே போகும் வசதி அதில் இருக்கிறது. அதுவே பெரிய மாற்றம்தான். ஆனால் கோக்க வேண்டியதை டாக்டர் முதலில் எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் 2இ86.0 என்பது புது உடுப்புப் போட்ட டி25.9 ஆகவே இருக்கும். இப்படிப்பட்ட மாற்றம் ஓரிரு ஆண்டில் முடிவதும் அல்ல. அமெரிக்க மருத்துவமனைகள் பத்தாம் திருத்தத்துக்கு வர எடுத்துக்கொண்டது கால் நூற்றாண்டு.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். ஸ்கேன் அறிக்கையில் ஃபிகோ எண்ணை எழுத ரேடியாலஜிஸ்ட்டுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு வரி. பத்தாம் திருத்தத்திலேயே என்92.0-ம் டி50.0-ம் இருக்கின்றன, டிஸ்சார்ஜ் சம்மரியில் கட்டியின் எண்ணுக்குக் கீழே அவற்றையும் சேர்க்க வேண்டும் என்று காப்பீட்டுத் திட்டம் நிபந்தனை வைத்தால் மருத்துவமனைகள் மறுநாளே எழுதத் தொடங்கும், பணம் கேட்கும் இடத்தில் எழுதாமல் விடுபவர் யாருமில்லை. இன்னொன்றும் மாற வேண்டும். இங்கே நோயாளி வீட்டுக்குப் போய் ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் பயாப்சி ரிப்போர்ட் வரும். கணவரோ மகனோ போய்த் தனிக் காகிதமாக வாங்கிவந்து ஃபைலில் சொருகி வைப்பார்கள். கிளெய்ம் அதற்குள் போய்விட்டிருக்கும். ரிப்போர்ட்டில் அடினோமயோசிஸ் என்று வந்திருந்தாலும் சம்மரியில் ஃபைப்ராய்டு என்பது அப்படியே நிற்கும், அதைத் திருத்தி மறுபடி அச்சடிக்கும் வேலை எந்த மேசைக்கும் ஒதுக்கப்படவில்லை.